எதிர்க்கரையில் பார்த்த வீடு

ஆற்றைப் படம் எடுக்க வேண்டும் என்றால் ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஊர் எழுந்துவிட்டால் பாலத்தில் லாரி உறுமும், சரக்குப் படகு கிளம்பும், காற்றும் கூடவே எழுந்து வந்து தண்ணீரைக் கலைத்துவிடும். விடிகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், யாரோ உதட்டில் விரலை வைத்து அதட்டியதுபோல ஆறு அடங்கிக் கிடக்கும். அப்போது எதிர்க்கரையில் இருக்கிற கிடங்குகள், மாடி வீடுகள், புகைபோக்கி, விளக்குக் கம்பம் எல்லாம் தலைகீழாக இறங்கி, தண்ணீருக்குள் இன்னொரு ஊராக நிற்கும். ஒரு செங்கல் குறையாது. ஒரு ஜன்னல் விட்டுப்போகாது.

அதைப் பார்க்கும்போது மட்டும் சின்னவளுக்குக் கோபம் வராது. மற்ற நேரமெல்லாம் வரும்.

வராமல் என்ன செய்யும்? அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அம்மா ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்துக் கை தோல் உரிந்து அவளைப் படிக்க வைத்தாள். படித்து முடித்து வந்தால், "ஒப்பந்தத்துல சேர்ந்துக்கோ, அப்புறம் பார்ப்போம்" என்று ஒரு ஸ்டூடியோ முதலாளி சொன்னார். அந்த 'அப்புறம்' இன்னும் வந்தபாடில்லை. அத்தை வேறு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க சின்னவ படிச்ச படிப்புக்கு ஆத்தங்கரையில குத்தவச்சு உக்காந்திருக்கா" என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

வேலை இதுதான். நகராட்சி ஆற்றங்கரையை அழகுபடுத்தப் போகிறது. அதற்கு முன்னால், மாதம் ஒரு முறை எதிர்க்கரை முழுவதையும் படம் பிடித்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கித் தர வேண்டும். முடிவில் அது நகராட்சிக் கூடத்தின் சுவர் நெடுகத் தொங்கும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே உயரம், அதே லென்ஸ். எங்கே நிற்க வேண்டும் என்று கரைக் கம்பியில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டிருந்தாள்.

மூன்றாவது மஞ்சள் கோட்டுக்கு நேர் எதிரே அக்காவின் வீடு இருந்தது. அந்த இடத்தில் ஆறு குறுகலாகி வளையும். அதனால் படச்சட்டம் முழுக்க அந்த ஒரு கட்டடம்தான் அடைத்துக்கொண்டு நிற்கும். நாலு மாடிச் செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் கயிற்று ஆலைத் தொழிலாளிகளுக்காகக் கட்டியது. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே, இடுப்பில் கட்டிய கச்சைபோல வெள்ளைச் சிமெண்டுப் பட்டை ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். அக்கா மூன்றாம் மாடி, இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது ஜன்னல்.

முதல் மாதத்துப் படங்களைக் காட்டியபோதே முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, இந்தக் கட்டடம் குடிச்சிட்டு வந்த மாதிரி நிக்குது?"

"கேமரா முக்காலியில நீர்மட்டக் குமிழி இருக்கு சார். அது நடுவுல நிக்குற மாதிரி வச்சுத்தான் எடுத்தேன்."

"அந்த முக்காலி என் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. நானே அதை நம்புறதில்ல, நீ நம்புறியா? குமிழி கெட்டுப்போச்சு. கட்டடத்தைப் பார்த்து நேரா வச்சு எடு. கண்ணு எதுக்கு இருக்கு?"

சரி என்று குமிழியின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டாள். அதன் பிறகு அந்த வெள்ளைப் பட்டைதான் அவளுக்கு அளவு. பட்டை நேராக வரும்வரை கேமராவைத் திருகுவாள், எடுப்பாள். கொஞ்சம் பிசகியிருந்தால் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டி நேராக்குவாள். படத்தின் கீழே இருக்கிற தண்ணீரை வெட்டிவிடும்படி நகராட்சிக்காரர்கள் சொன்னார்கள். அந்த இடத்தில் பின்னால் ஓவியர்கள் நடைபாதை வரைந்து சேர்ப்பார்களாம். ஆற்றைப் படம் எடுக்கிற வேலையில் ஆறு வேண்டாம் என்று சொல்ல இவர்களுக்குத்தான் தைரியம் வரும். அதோடு, ஜன்னல்களில் காய்கிற துணிகளையும் அழிக்கச் சொன்னார்கள். "பார்க்க நல்லா இல்ல" என்றார்கள். அக்காவின் போர்வையையும், மாமாவின் பஸ் டிரைவர் சட்டையையும், குட்டிப்பெண்ணின் கவுன்களையும் மாதா மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

அப்படித்தான் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, "எங்க வீட்டை இத்தனை தடவை எடுக்குறியே, ஒரு படம் குடுத்தியாடி? அழிக்காம குடு. என் துணியோட, என் ஜன்னலோட" என்றாள். அக்கா எதையும் கேட்கிற ஜாதி இல்லை. கேட்டுவிட்டாள் என்பதால் சின்னவள் மறுநாளே ஸ்டூடியோவில் உட்கார்ந்து, அந்த மாதத்து மூலப் படத்தை, வெட்டாமல், துடைக்காமல் திரையில் விரித்தாள். காற்றே இல்லாத காலையில் எடுத்தது. மேலே வீடு, கீழே வீட்டின் பிம்பம், நடுவில் தண்ணீர் தொடங்கும் கோடு. துணிகள்கூட இரண்டு வரிசையாகத் தொங்கின.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று கண்ணில் தூசி விழுந்தாற்போல உறுத்தியது. வெள்ளைப் பட்டை நேராக இருந்தது. ஜன்னல்கள் நேராக இருந்தன. தண்ணீர்தான் சாய்ந்திருந்தது. யாரோ தட்டை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்ததுபோல.

அவள் படத்தை மெல்லத் திருப்பினாள். தண்ணீரின் கோடு நேராக வந்தது. வீடு சாய்ந்தது.

மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள். வீடு நேரானது. தண்ணீர் சாய்ந்தது.

இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். தண்ணீர் சாய்ந்து நிற்குமா? உலகத்தில் எந்தத் தண்ணீர் சாய்ந்து நின்றிருக்கிறது? மேலே இருக்கிற வெள்ளைப் பட்டையும், தண்ணீருக்குள் இருக்கிற வெள்ளைப் பட்டையும் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டியவை. ஓடவில்லை. வலக்கோடியில் விலகி, ஆறு வளைகிற இடக்கோடியில் நெருங்கி, கத்தரிக்கோலைத் திறந்து வைத்தாற்போல இருந்தன. வீடு சாய்ந்தது பாதி, அதன் பிம்பம் எதிர்த்திசையில் சாய்ந்தது பாதி. சாய்வை இரட்டிப்பாக்கி ஆறு கையில் ஏந்திக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து போய் முக்காலியை விரித்துத் தரையில் நிறுத்தினாள். குமிழியின் மேலிருந்த டேப்பை நகத்தால் உரித்தாள். குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, முக்காலியின் தலையை அப்படியே பாதிச் சுற்று திருப்பினாள். கெட்டுப்போன குமிழியாக இருந்தால் நகர்ந்திருக்க வேண்டும். அது அசையவே இல்லை. நடுவில் நின்று அவளைப் பார்த்தது.

பிறகு எல்லா மாதத்து மூலப் படங்களையும் எடுத்தாள். ஒவ்வொன்றையும் தண்ணீரை வைத்து நேராக்கினாள். காற்றில் கலைந்த படங்களிலும் எதிர்க்கரைச் சுவரில் தண்ணீர் தொடுகிற கோடு தெரிந்தது, அது போதும். வரிசையாக வைத்து ஒரு பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைசி பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கி விழுகிற ஆளைப்போல, அக்காவின் வீடு மாதத்துக்குக் கொஞ்சமாக ஆற்றின் வளைவுப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தது.

அவளுக்குப் பயத்தோடு வேறொன்றும் வந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. கோடிக்கணக்கான செங்கல், பாலம், கோபுரம், பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் கயிறு பிடித்துக் கட்டிய ஊர். அதில் நேர் எது கோணல் எது என்று ஒரு வார்த்தை பேசாமல், அசையாமல், படுத்த இடத்திலிருந்தே காட்டிக்கொண்டிருந்தது அழுக்கு ஆறு ஒன்று. அதைத்தான் அவள் மாதா மாதம் வெட்டி எறிந்திருக்கிறாள்.

முதலாளி படங்களைப் பார்த்தார். "லென்ஸ் வளைவா இருக்கும்" என்றார்.

"லென்ஸ் ஒரே லென்ஸ்தான். மாசத்துக்கு மாசம் அதுவா வளைஞ்சுக்கிட்டே போகுமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தானே பொத்தானைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நகராட்சியில போய்க் காட்டு. வண்டி எடுத்துட்டுப் போ."

நகராட்சியில் கட்டடப் பிரிவு அதிகாரி நல்ல மனுஷன்தான். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "படத்தை வச்சு ஆளுங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாதும்மா. ஆளு வந்து அளக்கணும். அடுத்த மாசம் அனுப்புறேன்."

"அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு கட்டடத்துக்கிட்ட யாரு சார் சொல்றது? நீங்களா, நானா?"

"கோபப்பட்டா ஆச்சா? மேல மழை பெஞ்சு எல்லா ஆளும் அணைக்கட்டுப் பக்கம் போயிருக்காங்க."

"மேல மழைன்னா அந்தத் தண்ணி எங்க சார் வரும்? அந்த வீட்டு அஸ்திவாரத்துக்குத்தானே வரும்?"

அவர் தொலைபேசியை எடுத்து யாரிடமோ பேசிவிட்டு, "சீக்கிரம் பார்க்கச் சொல்றேன்" என்றார். சீக்கிரம் என்றால் என்றைக்கு என்று அவருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா வாசல் கதவைக் கழற்றித் தரையில் படுக்கப்போட்டு, அடிப்பக்கத்தை இழைப்புளியால் சீவிக்கொண்டிருந்தார். மரச்சுருள் கூடம் முழுக்க உருண்டு கிடந்தது.

"வா சின்னக்குட்டி. கதவு மூட மாட்டேங்குது. மழைக்கு மரம் ஊதிப்போச்சு."

"போன கோடையிலயும் சீவினீங்களே மாமா. அது எந்த மழைக்கு?"

இழைப்புளி நின்றது. மாமா கொஞ்சம் யோசித்தார். "கீழ்வீட்லயும் சீவினாங்க. பழைய வீடுன்னா அப்படித்தான்."

அவள் படங்களைத் தரையில் பரப்பி வைத்தாள். தண்ணீரைச் சொன்னாள், பட்டையைச் சொன்னாள், டேப்பைச் சொன்னாள். மாமா குனிந்து பார்த்தார். அக்கா குனியவே இல்லை. தையல் மெஷினில் கையை ஊன்றியபடி நின்றாள்.

"ஒரு படம் கேட்டேன். அதுக்கு நீ எங்க வீடு விழப்போகுதுன்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்குற."

"அக்கா, நான் சொல்லல. தண்ணி சொல்லுது."

"படிச்சவ நீ. எங்க வீடு உனக்குக் கோணலாத்தான் தெரியும். நாங்க கல்யாணமாகி வந்தப்பவே பந்தை வச்சா உருளும். அதுல விளையாடித்தான் உன் அக்கா மக நடக்கவே கத்துக்கிட்டா."

"அப்பச் சாஞ்சது வேற. இப்ப சாயுறது வேற. நிக்காம சாயுது."

"எங்க போறது? உங்க ஸ்டூடியோவுலயா? இல்ல அம்மாவோட ஒத்த ரூம்லயா? இந்தக் கட்டடத்துல இருக்குற அத்தனை குடும்பமும் எங்க போகும்? சொல்லு, படிச்சவளே."

பதில் இல்லாதபோதுதான் சின்னவளுக்கு வாய் நீளும். "செத்தா இடம் தேட வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாசலில், கீழ்வீட்டு முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படிக்கட்டில் ஊசி விழுந்தால்கூட அவருக்குத் தெரியும்.

"போட்டோவுல யாரு வேணா எப்படி வேணா சாய்க்கலாம்மா. என் கல்யாணப் போட்டோவுல நான் சிவப்பா இருக்கேன்."

"போட்டோவை நம்ப வேண்டாம்" என்றாள் சின்னவள். "நாளைக்கு விடியக் காலையில எல்லாரும் எதிர்க்கரைக்கு வாங்க. உங்க கண்ணால பாருங்க. நான் சொன்னது பொய்யின்னா அப்புறம் இந்த வீட்டுப் படியே மிதிக்க மாட்டேன்."

"நீ மிதிக்காட்டி எங்களுக்கு நிம்மதிதான்" என்றார் அவர். மாமா சிரிக்கவில்லை. இழைத்த கதவைத் தூக்கி நிறுத்தி, நிலையில் பொருத்தி, மூடினார். மேல் மூலையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் எல்லாரையும் கூட்டிட்டு வரேன்" என்றார்.

வந்தார்கள். இருட்டு விலகாத நேரத்தில் நடைபாலத்தைச் சுற்றிக்கொண்டு, போர்வையும் தொப்பியுமாக, வீட்டுக்கு ஓர் ஆளாவது வந்தார்கள். அக்கா வரவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூடத் தங்கள் வீட்டை எதிர்க்கரையிலிருந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கு வந்தது? வேலைக்குப் போகிற வழி அவர்கள் கரையிலேயே, கடைக்குப் போகிற வழி அவர்கள் கரையிலேயே.

சின்னவள் மஞ்சள் கோட்டுக்கு நேராக அவர்களை நிறுத்தினாள். தண்ணீரைப் பார்த்தாள்.

காற்று. அன்றைக்குப் பார்த்துக் காற்று. ஆறு முழுக்கச் சிறு சிறு மடிப்பாகக் கசங்கிக் கிடந்தது. எதிர்க்கரையில் கட்டடம் மங்கலாக, கறுப்பாக, எப்போதும்போல நின்றது. தண்ணீருக்குள் ஒன்றுமே இல்லை.

"எங்கேம்மா கோணல்?"

"தெரியும். காத்து அடங்கணும்."

"காத்துக்கு நேத்தே லீவு சொல்லி வைக்கலையா நீ?" என்றார் முடிதிருத்துபவர். நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கிளம்பத் தொடங்கினாள். மாமா முதல் வண்டி எடுக்க வேண்டியவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றார். சின்னவள் யாரையும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சாதவள், கரைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆற்றிடம் உள்ளுக்குள் கெஞ்சினாள். அடங்கு. ஒரு தடவை அடங்கு. என் அக்கா உள்ளே இருக்கிறாள்.

முதலில் எதிர்ச்சுவரின் ஓரம் அடங்கியது. அங்கே ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் கறுத்துப் பளபளத்தது. அது மெல்ல அகலமானது. ஆற்றின் நடுவில் மடிப்புகள் நீவப்பட்டன, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய உள்ளங்கை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தடவிக்கொண்டு போனதுபோல. கீழ்வானம் வெளுத்தது. அந்த வெளுப்பு தண்ணீருக்குள் இறங்கியது. அதற்குப் பின்னால், ஆழத்திலிருந்து எழுந்து வருவதைப்போல, கட்டடம் வந்தது. கீழ்வாசல், முதல் மாடி ஜன்னல்கள், இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, கொடியில் மறந்துபோன ஒரு சட்டை, கூரை. கூரைக்குக் கீழே, அடியே இல்லாத ஆழத்தில், விடிகிற வானம்.

யாரோ "அம்மாடி" என்றார்கள். மெதுவாக, கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

அத்தனை பெரிய அமைதியை அவர்கள் அந்த ஊரில் கேட்டதில்லை. தாங்கள் சமைத்துச் சண்டை போட்டுப் பிள்ளை பெற்ற வீடு, இரண்டாக, முழுதாக, ஒரு சொட்டு நடுக்கமில்லாமல் எதிரே நின்றது. அது அழகாக இருந்தது. அது அழகாக இருந்ததனாலேயே அந்த இரண்டு வெள்ளைக் கோடுகளையும் யாராலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வலது பக்கம் வாய் பிளந்து, இடது பக்கம் வாய் மூடி, ஆற்றின் வளைவை நோக்கி இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டு போயின.

சின்னவள் முதல் மாதத்தில், குமிழியை நம்பி எடுத்த படத்தை மாமாவிடம் நீட்டினாள். அவர் அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். படத்திலும் இரண்டு கோடுகளும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தன, ஆனால் எதிரே தெரிகிற சாய்வில் அது கால்வாசிகூட இல்லை. முடிதிருத்துபவர் அதை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

மூன்றாம் மாடியில், இரண்டாவது ஜன்னலில் விளக்கு எரிந்தது. அக்கா. ஜன்னலைத் திறந்து ஒரு விரிப்பை உதறினாள். தண்ணீருக்குள் இன்னொரு அக்கா அதையே உதறினாள்.

மாமா தொலைபேசியை எடுத்தார். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினார். "குட்டியைத் தூக்கிக்கிட்டு கீழ இறங்கு" என்றார். குரல் அவருடையதுபோல இல்லை. "இல்ல. ஒண்ணும் எடுக்காத. துணியெல்லாம் கிடக்கட்டும். நான் பார்த்துட்டேன். நான் என் கண்ணால பார்த்துட்டேன்... இறங்கு, சொல்றேன்ல."

அடுத்து ஒருவர் தொலைபேசியை எடுத்தார். அப்புறம் இன்னொருவர். கரை முழுக்க ஒரே நேரத்தில் பலர் தாழ்ந்த குரலில் அவரவர் வீட்டாரை எழுப்பினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூடிய ஜன்னல்களுக்குள் மணிகள் ஒலிக்கிற சத்தம் தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்தது. ஒவ்வொன்றாக விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு விளக்கு எரிந்தது.

படிக்கட்டு கட்டடத்தின் வலக்கோடியில் இருந்தது. மாடிக்கு ஒரு சின்ன ஜன்னல். மூன்றாம் மாடி ஜன்னலில் அக்கா தெரிந்தாள், தோளில் தூங்குகிற குழந்தையோடு. அடுத்து இரண்டாவதில். தண்ணீருக்குள் இருந்த அக்கா கீழேயிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள், அவள் தோளிலும் ஒரு குழந்தை. மேலிருப்பவள் இறங்க இறங்க, கீழிருப்பவள் ஏற ஏற, இருவருக்கும் நடுவே இருந்த தூரம் குறைந்தது. கீழ்வாசல் திறந்தது. கரைப்படியில், தண்ணீர் தொடங்கும் கோட்டில், இரண்டு அக்காவும் காலோடு கால் வைத்து நின்றார்கள்.

சின்னவளின் பையில் தொலைபேசி அடித்தது.

"இறங்கிட்டேன்டி" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. கோபம் இன்னும் போகவில்லை. எதிரே, கையளவு உருவமாக, அவள் தலையை நிமிர்த்தி வீட்டைப் பார்ப்பது தெரிந்தது. "பார்க்குறேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே. நேராத்தானே நிக்குது?"

"கிட்ட நின்னா அப்படித்தான்க்கா தெரியும். அங்க நிக்காத. இந்தப் பக்கம் வா."

"கதவை வேற பூட்டல."

"பூட்டாட்டிப் போகுது. வா, வந்து பாரு. தண்ணி இன்னும் கலையல."

அக்கா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு நடைபாலத்தை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் கீழ்வாசலிலிருந்து ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.